தலைப்பிரசவம், காரைக்குடிப் பக்கம்: வலி குறைக்க எதெல்லாம் முன்னாடியே கேட்டு வைக்கணும்?

பள்ளத்தூர்ப் பெண்:

34 வாரம் முடிஞ்சிருக்கு, தலைப்பிரசவம். ஆத்தா வீட்டுக்கு வந்தாச்சு. காரைக்குடியில ஒரு தனியார் மருத்துவமனையில காட்டுறோம். வலியைக் குறைக்க என்ன செய்வீங்கன்னு கேட்டா, "அதெல்லாம் ஊசி இருக்கும்மா, பார்த்துக்கலாம்"னு சொல்றாங்க. எந்த ஊசி, எப்ப போடுவாங்க, ராத்திரியிலயும் கிடைக்குமா, எதுவும் தெளிவா இல்லை. முதுகுல ஊசி போட்டா ஆயுசுக்கும் இடுப்பு வலின்னு ஆத்தா ஒரே பிடியா நிக்கிறாக. விளக்கெண்ணெய், சீரகத் தண்ணிப் பேச்சும் ஓடுது.

கூடுதல் விவரம்: பி.பி. வரக்கூடாதுன்னு தினமும் ஆஸ்பிரின் 75 மி.கி. எடுக்கிறேன். போன வாரம் ரத்தம் உறைய உதவுற தட்டணு (பிளேட்லெட்) 1,10,000 இருந்துச்சு. பி.பி. இதுவரை சரியாவே இருக்கு. இதை வச்சுக்கிட்டு முதுகுல ஊசி போடலாமா? வலி நேரத்துல ஆத்தாவும் வீட்டுக்காரரும் கையால என்ன உதவி செய்யலாம்? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.


மயக்க மருத்துவர்:

முதலில் எந்த ஊசி என்று பிரித்துக் கேளுங்கள். பிரசவ அறையில் மூன்று வகை ஊசிகள் புழங்குகின்றன. மூன்றும் செய்யும் வேலை வேறு வேறு.

ஒன்று, டிரோட்டாவெரின் அல்லது ஹையோசின். பெரும்பாலும் "ஊசி போட்டாச்சு" என்று சொல்லப்படுவது இதுதான். இவை தசை இறுக்கத்தைத் தளர்த்துபவை. கர்ப்பப்பை வாய் சீக்கிரம் திறக்கட்டும் என்று போடுகிறார்கள். வலி குறையும் என்று இதை நம்பி இருந்தால் ஏமாற்றம்தான்.

இரண்டாவது, பெத்திடின் அல்லது டிராமடால். பெத்திடின் 50 முதல் 100 மி.கி. வரை தசையில் போடுவார்கள். 15–20 நிமிடத்தில் பிடிக்கும், 2 முதல் 4 மணி நேரம் நிற்கும். வலி போய்விடாது, அதன் கூர்மை மழுங்கும், இடைவெளிகளில் கண் அயரலாம். குமட்டலும் வாந்தியும் சகஜம் என்பதால் அதற்கு ஒரு மருந்தும் சேர்த்தே தருவார்கள். இதில் சிக்கல் நேரக் கணக்கு. ஊசி போட்ட 2–3 மணி நேரத்தில் குழந்தை பிறந்தால் மருந்து குழந்தையின் உடம்பிலும் உச்சத்தில் இருக்கும். மூச்சு மந்தமாகலாம், பால் குடிக்கத் தொடங்கத் தாமதமாகலாம். அதனால்தான் பிரசவம் நெருங்கிவிட்டால் கேட்டாலும் தர மாட்டார்கள். போடும் இடத்தில் இந்த மூச்சு மந்தத்தை முறிக்கும் நாலாக்ஸோன் மருந்தும் குழந்தைக்கு மூச்சு கொடுக்கும் பையும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

மூன்றாவது எபிடூரல், நீங்கள் சொல்லும் முதுகு ஊசி. இருப்பவற்றில் வலியை நன்றாகக் குறைப்பது இது. செய்முறை இப்படி: முதலில் கையில் ஊசிக்குழாய், பி.பி. பட்டை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, மோவாயை மார்பில் பதித்து, இறால் மாதிரி முதுகை வெளிப்பக்கம் வளைக்க வேண்டும். தோலை மரக்கச் செய்து, கீழ்முதுகில் இரு எலும்புகளுக்கு நடுவே ஊசியைச் செலுத்தி, அதன் வழியே மெல்லிய பிளாஸ்டிக் குழாயை 4–5 செ.மீ. உள்ளே விட்டு, ஊசியை உருவி விடுவோம். முதுகில் தங்குவது நூல் போன்ற குழாய் மட்டுமே. ஊசி உள்ளே இருக்கும்போது வலி வந்தால் அசையாமல் "வலி வருது" என்று வாயால் சொல்லுங்கள், நிறுத்திக் காத்திருப்போம்.

பிறகு 3 மி.லி. சோதனை மருந்து. காதில் இரைச்சல், நாக்கில் உலோகச் சுவை, நெஞ்சு படபடப்பு, கால் சட்டென்று கனத்துப் போவது, இதில் எது வந்தாலும் உடனே சொல்லுங்கள். குழாய் ரத்தக் குழாய்க்குள்ளோ தண்டுவட நீருக்குள்ளோ போயிருக்கலாம் என்பதற்கான அடையாளங்கள் அவை. எதுவும் இல்லையென்றால் மரக்கச் செய்யும் 0.1 சதவீத புபிவகேனும், வலி குறைக்கும் ஃபென்டனில் சிறிதளவும் கலந்து 10–15 மி.லி. வரை பிரித்துப் பிரித்துச் செலுத்துவோம். 15–20 நிமிடத்தில் வலி இறங்கும். இந்த அளவில் கால் முழுதாக மரக்கக் கூடாது. காலைத் தூக்க முடியவில்லை என்றால் மருந்தின் வலிமை அதிகம் என்று பொருள்.

தவறிப் போகக்கூடியவை: ஒரு பக்கம் மட்டும் மரப்பது (குழாயைச் சற்று வெளியே இழுத்து மேலும் மருந்து தருவோம், சரியாகாவிட்டால் புதிதாகப் போடுவோம்), பி.பி. இறங்குவது (இடப்பக்கம் படுக்க வைத்து மருந்து), அரிப்பு, நடுக்கம், சிறுநீர் தானாக வராமல் போவது. அரிதாக ஊசி தண்டுவட நீரைச் சுற்றியுள்ள படலத்தைத் தாண்டிப் போனால் பின்னர் தலைவலி வரும். 100–200 பேரில் ஒருவருக்கு. உட்கார்ந்தால் மண்டை பிளக்கும், படுத்தால் தணியும், அதுதான் அடையாளம். விடாமல் தொடர்ந்தால் உங்கள் சொந்த ரத்தத்தில் 15–20 மி.லி. எடுத்து அதே இடத்தில் செலுத்தி ஓட்டையை அடைப்போம்.

ஆத்தாவிடம் சொல்லுங்கள்: ஊசி குத்திய இடத்தில் சில நாள் நோவு இருக்கும், உண்மை. நீண்ட கால இடுப்பு வலி, எபிடூரல் போட்டவர்களுக்கும் போடாதவர்களுக்கும் ஒரே மாதிரிதான் வருகிறது. கர்ப்பத்தில் இடுப்பு மூட்டுகள் தளர்வதும், குனிந்தே உட்கார்ந்து பால் கொடுப்பதும் அதற்குப் பெரிய காரணங்கள். சிசேரியன் கூடுகிறது என்பதும் சரியல்ல. முக்கும் கட்டம் கொஞ்சம் நீளும், அவ்வளவுதான்.

உங்கள் தட்டணு 1,10,000 என்றால் இன்றைக்குத் தடை இல்லை. பெரும்பாலான மயக்க மருத்துவர்கள் 70,000–80,000க்குக் கீழே போனால்தான் தயங்குவோம். எண்ணை விட அது போகும் திசை முக்கியம். 36-ஆம் வாரத்தில் ஒரு தரம், வலி வந்து சேரும்போது ஒரு தரம் பார்க்கச் சொல்லுங்கள். தட்டணு இறங்கி, கூடவே பி.பி. ஏறினாலோ மேல்வயிறு வலித்தாலோ அது வேறு விவகாரம், அன்றே மருத்துவமனை. குறைந்த அளவு ஆஸ்பிரின் எபிடூரலுக்குத் தடையே இல்லை; எப்போது நிறுத்துவது என்பதை உங்கள் மருத்துவர் சொல்வார். எனாக்ஸாபரின் போன்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் குறைந்த மூலக்கூறு எடை ஹெபாரின் ஊசி யாருக்காவது ஓடினால் அது வேறு கணக்கு: தடுப்பு அளவு என்றால் கடைசி ஊசிக்குப் பிறகு 12 மணி நேரம், சிகிச்சை அளவு என்றால் 24 மணி நேரம் காத்திருக்க வேண்டும்.

இனி நம் பக்கத்து நிலவரம். சிறிய மருத்துவமனைகளில் மயக்க மருத்துவர் வெளியிலிருந்து வருபவர். சிசேரியனுக்குக் கூப்பிட்டால் வருவார், போட்டுவிட்டுப் போவார். எபிடூரலுக்கு அது போதாது, போட்ட பிறகும் ஆள் வேண்டும். ஆகவே 36 வாரத்துக்குள் இவற்றைக் கேளுங்கள்: ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் எத்தனை நிமிடத்தில் வருவார்? ஒவ்வொரு முறை மருந்து ஏற்றிய பிறகும் முதல் 20 நிமிடம் 5 நிமிடத்துக்கு ஒரு தரம் பி.பி. யார் பார்ப்பார்கள்? குழந்தையின் இதயத் துடிப்பைத் தொடர்ந்து பதியும் இயந்திரம் இருக்கிறதா? கட்டணம் ஒரே தொகையா, ஒவ்வொரு முறை மருந்துக்கும் தனியா? திடீரென்று சிசேரியன் என்றால் அதே குழாய் வழியே மருந்து தருவார்களா? இந்தக் கேள்விகளுக்கு மழுப்பலான பதில் வந்தால், அந்த இடத்தில் எபிடூரல் இல்லை என்றே வைத்துக்கொண்டு மற்ற வழிகளைத் தயார் செய்யுங்கள். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்கவியல் துறை இருக்கும். ஆனால் துறை இருப்பதும் பிரசவ வலிக்கு அன்றாடம் எபிடூரல் தருவதும் ஒன்றல்ல. சிவகங்கையோ மதுரையோ, நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது.


லேபர் வார்டு சிஸ்டர்:

டாக்டர் சொன்னது மருத்துவமனைக்குள்ள நடக்கிறது. தங்கச்சி, தலைப்பிரசவத்துல பாதி நேரம் வீட்டுலதான் போகும். அதைச் சொல்றேன்.

கர்ப்பப்பை வாய் 5 செ.மீ. திறக்கிற வரைக்கும் ஆரம்பக் கட்டம். இது எத்தனை மணி நேரம்னு யாராலயும் கணக்குச் சொல்ல முடியாது, ஒரு நாள்கூட இழுக்கும். 5-க்கு மேல வேகம் பிடிக்கும். தலைப்பிரசவத்துல 12 மணி நேரத்தைப் பெரும்பாலும் தாண்டாது. "ரெண்டு விரல் திறந்திருக்கு"ன்னா ஏறக்குறைய 3–4 செ.மீ., அதாவது இன்னும் ஆரம்பக் கட்டம்தான். அந்த நேரத்துல வந்து படுத்துட்டா, பக்கத்துக் கட்டில்ல கத்துற சத்தத்தைக் கேட்டே பாதி தெம்பு போயிடும்.

வலியைக் கணக்குப் பார்க்கிறது எப்படின்னா, ஒரு வலி தொடங்குறதுலேர்ந்து அடுத்த வலி தொடங்குற வரைக்கும். முடியிறதுலேர்ந்து எண்ணினா கணக்குத் தப்பிடும். 5 நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொண்ணும் 1 நிமிடம், இப்படியே 1 மணி நேரம் ஓடுச்சுன்னா கிளம்புங்க. பள்ளத்தூர்லேர்ந்து காரைக்குடி பக்கம்தான். மதுரைக்கோ திருச்சிக்கோ போறதா இருந்தா இதுவரைக்கும் காத்திருக்கவே கூடாது. பனிக்குடம் உடைஞ்சாலோ (தண்ணி நிறம் பச்சை, பழுப்புன்னா இன்னும் அவசரம்), ரத்தம் போனாலோ, குழந்தை அசைவு குறைஞ்சாலோ, கண் மங்கித் தலை வலிச்சாலோ, 37 வாரத்துக்கு முன்னாடி வலி வந்தாலோ கணக்கெல்லாம் வேண்டாம், நேரா கிளம்புங்க. வண்டி இல்லைன்னா 108.

சீரகத் தண்ணியால கெடுதல் ஒண்ணும் இல்லை. குடிச்சு, படுத்து, வலி அடங்கிட்டா அது சூட்டு வலின்னு பெரியவங்க சொல்வாங்க. அடங்குறது சீரகத்தாலன்னு சொல்ல முடியாது. தண்ணி உள்ள போனதும் ஓய்வும் சேர்ந்த பலன். ஆனா பார்க்கிற முறை சரிதான்: நிஜ வலி படுத்தாலும் நடந்தாலும் நிக்காது, நெருங்கிக்கிட்டே வரும். விளக்கெண்ணெய் வேண்டவே வேண்டாம். குடலைப் புரட்டும், அந்தப் புரட்டல்ல கர்ப்பப்பையும் ஒழுங்கில்லாம இறுகும். வயித்துப்போக்கும் வாந்தியுமா நீர் வத்தித்தான் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருவாங்க. வலியைத் தாங்கத் தெம்பும் இருக்காது.

வீட்டுல இருக்கிறப்ப இட்லி, கஞ்சி, மோர், இளநீர் எல்லாம் எடுத்துக்கலாம். எண்ணெய்ப் பலகாரம் வேண்டாம், வாந்தியில போயிடும். ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம் சிறுநீர் கழிச்சிடுங்க. நிறைஞ்ச பை குழந்தையின் தலை இறங்குறதைத் தடுக்கும், வலியையும் கூட்டும். டாக்டர் சொன்னா பாரசிட்டமால் போடலாம். டைக்ளோபினாக், இபுபுரூபென் வகை மாத்திரை வீட்டுல கிடந்தா தொடாதீங்க. குழந்தையோட இதயத்துக்குப் பக்கத்துல ஒரு ரத்தக் குழாய் முன்னாடியே சுருங்கிடும்.

நம்ம பக்கத்துப் பழக்கத்துல அருமையானது வெந்நீர். இடுப்புல, அடிமுதுகுல செம்பு செம்பா ஊத்தலாம். ஊத்துறவங்க முதல்ல தன் மணிக்கட்டு உள்பக்கம் ஊத்திப் பார்க்கணும், சுடக் கூடாது. ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, முன்னால குனிஞ்சு எதையாவது பிடிச்சுக்கணும். தலை சுத்துனா நிறுத்திடணும். நடக்கிறதுக்கு நம்ம வீட்டு வளவு மாதிரி இடம் வேற கிடையாது, தாழ்வாரத்தைச் சுத்திச் சுத்தி வரலாம். ஆனா ஆத்தங்குடித் தரைக் கல்லுல ஈரம் பட்டா வழுக்கும். குளிச்ச காலோட நடக்க வேண்டாம், உயரமான நிலைப்படியைத் தாண்டுறப்ப கூட ஒரு கை பிடிக்கணும்.

வலி கூடணும்னு ஆக்ஸிடோசின் சொட்டு மருந்து போட்டாங்கன்னா, வலி மெல்ல ஏறாது, சடார்னு ஏறும். எபிடூரல் வேணும்னா சொட்டு தொடங்குறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க. 10 நிமிடத்துக்குள்ள 5 வலிக்கு மேல வந்தா உடனே சிஸ்டரைக் கூப்பிட்டுச் சொல்லுங்க. சொட்டைக் குறைக்கணும், அதுல கூச்சமே வேண்டாம்.


இயன்முறைச் சிகிச்சையாளர்:

கையால செய்யக்கூடியதைக் கேட்டிருந்தாங்க. முதுகு வலி அதிகமாக இருந்தால், பெரும்பாலும் குழந்தையின் பின்மண்டை தாயின் முதுகுப் பக்கம் திரும்பி இருக்கும். அப்போது மல்லாந்து படுப்பதுதான் மிக மோசமான நிலை. முட்டியும் கையும் தரையில் ஊன்றி, அல்லது கட்டிலில் தலையணைகளை அடுக்கி அதன் மேல் சாய்ந்து இருக்கட்டும்.

அழுத்த வேண்டிய இடம்: புட்டப் பிளவுக்கு நேர் மேலே முக்கோணமாகத் தட்டையான ஒரு எலும்பு இருக்கிறது. அதில் உள்ளங்கையின் அடிப்பகுதியை வைத்து, கை மடங்காமல், உடம்புப் பாரத்தைச் சாய்த்து அழுத்துங்கள். வலி தொடங்கும்போதே தொடங்கி, முடியும் வரை விடக்கூடாது. நடுவில் எடுத்தால் அந்த நொடியில் வலி இரட்டிப்பாகத் தெரியும். கை வலுவால் அழுத்தினால் பத்து வலிக்குள் உங்கள் தோள் விட்டுப்போகும். சாய்ந்துதான் அழுத்த வேண்டும். பலரும் செய்யும் தப்பு, சற்று மேலே போய் இடுப்பு முள்ளெலும்பில் அழுத்துவது. அது வலியைத்தான் தரும். "இன்னும் கீழே, இன்னும் பலமா" என்று அவர் சொல்லட்டும், அதுதான் அளவு.

இரண்டாவது முறைக்கு இரண்டு கையும் வேண்டும். பின்னால் நின்று, இரு புட்டங்களின் வெளிச் சதையில் உள்ளங்கைகளை வைத்து, உள்நோக்கியும் கொஞ்சம் மேல்நோக்கியும் சேர்த்து அமுக்குங்கள். வீட்டுக்காரர் இதைச் செய்ய, ஆத்தா முன்னால் நின்று கையைப் பிடித்துக்கொள்ளலாம். தேய்ப்பதென்றால் கொஞ்சம் நல்லெண்ணெய், முதுகிலும் தொடையிலும் மட்டும். வயிற்றைத் தேய்க்கவோ அமுக்கவோ கூடாது. முக்கும்போது வயிற்றின் மேலிருந்து யாராவது தள்ளினாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

மூச்சு: மூக்கால் 4 எண்ணி உள்ளே, வாயால் 6 எண்ணி வெளியே. வெளிமூச்சு நீளமாக இருப்பதுதான் முக்கியம். வேக வேகமாக மூச்சு வாங்கினால் விரல் நுனியும் வாயைச் சுற்றியும் சுரீர் என்று மரக்கும், தலை கிறுகிறுக்கும். பயப்படாமல் அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து உங்கள் மூச்சை மெதுவாக விடுங்கள், அவரும் கூடவே விடுவார். இப்போதிலிருந்தே தினம் பத்து நிமிடம் பழகினால்தான் அன்றைக்கு வரும். வலி நேரத்தில் உட்கார்ந்து அசையும் பெரிய பிரசவப் பந்து வாங்குவதானால் 160 செ.மீ. உயரத்துக்குள் இருப்பவர்களுக்கு 55, மேலே என்றால் 65 செ.மீ. உட்கார்ந்தால் முட்டியை விட இடுப்பு சற்று உயர்ந்திருக்க வேண்டும். வழுவழுப்பான தரையில் பந்துக்கு அடியில் சமுக்காளம் போதாது, அதுவும் சேர்ந்து நழுவும். ரப்பர் பாய் போடுங்கள்.

எபிடூரல் போட்ட பிறகு வெந்நீர்ப் பை வேண்டாம். மரத்த இடத்தில் சூடு தெரியாது, தோல் வெந்துவிடும்.


கோட்டையூர் ஆச்சி:

வெந்நீரும் நடையும் சரி. ஆனா வலியே தெரியாம பெத்தா முக்கத் தெரியாதுன்னு சொல்றாகளே, அது நிஜமா? வலியைத் தாங்கிப் பெக்கிறதுதானே முறை?


மயக்க மருத்துவர்:

முக்கும் உணர்வு மங்குவது உண்டு ஆச்சி. அதனால்தான் மருந்தை நீர்க்க வைத்துத் தருகிறோம். கர்ப்பப்பை வாய் முழுக்கத் திறந்த பிறகும் உணர்வு வராவிட்டால், குழந்தையின் துடிப்பு நன்றாக இருக்கும் பட்சத்தில், தலை தானாக இறங்க ஒன்றிரண்டு மணி நேரம் விட்டுவிட்டுப் பிறகு முக்கச் சொல்லலாம். வயிற்றில் கை வைத்து இறுக்கம் தொடங்குவதைப் பார்த்துச் சிஸ்டர் சொல்வார். முக்குவதற்காக மருந்தை முழுதாக நிறுத்துவது வேண்டாத கொடுமை. மறைந்திருந்த வலி மொத்தமாக வந்து விழும், முக்குவதும் நடக்காது.

முறை என்ற பேச்சு எல்லா ஊரிலும் இருந்ததுதான். 1853-இல் விக்டோரியா மகாராணிக்குப் பிரசவத்தில் மருத்துவர் ஜான் ஸ்னோ குளோரோஃபார்ம் கொடுத்தபோது இங்கிலாந்திலும் இதையே கேட்டார்கள். வேண்டாம் என்பவர் தாங்கிக்கொள்ளட்டும், வேண்டும் என்பவருக்குக் கிடைக்கட்டும். நடுவில் மனம் மாறினாலும் குற்றமில்லை.


பள்ளத்தூர்ப் பெண்:

எல்லாருக்கும் நன்றி. இன்னும் ரெண்டு கேள்வி. எங்க மருத்துவமனையில வலி நேரத்துல கூட ஒருத்தரை விடுவாங்களான்னு தெரியலை. அப்புறம், தையல் போடுறதுதான் வலியை விடக் கொடுமைன்னு பயமுறுத்துறாக. அதுக்கு மருந்து உண்டா?


லேபர் வார்டு சிஸ்டர்:

கூட இருக்க ஒருத்தரை விடச் சொல்லி அரசு மருத்துவமனைகளுக்கு வழிகாட்டுதலே இருக்கு. அங்க பெரும்பாலும் பெண் துணையைத்தான் விடுவாங்க, மத்தவங்களுக்கும் மறைவு வேணும்ல. தனியார்ல வீட்டுக்காரரை விடலாமான்னு முன்னாடியே கேட்டு, சரின்னா சீட்டுல எழுதி வாங்கிடுங்க. ராத்திரி ஷிப்டுல இருக்கிறவங்களுக்கு நீங்க பகல்ல பேசினது தெரியாது.

தையலுக்கு மருந்து கட்டாயம் உண்டு. எபிடூரல் இருந்தா அதுலயே கொஞ்சம் மருந்து ஏத்துவாங்க. இல்லைன்னா லிக்னோகேன் 1 சதவீதம் சுமார் 10 மி.லி. அந்த இடத்துலயே போடுவாங்க. 50 கிலோ எடைக்கு 15 மி.லி.க்கு மேல போகக் கூடாது. 2 சதவீத மருந்துன்னா அதுல பாதிதான். கொடுமையாகுறது எதனாலன்னா, மருந்து போட்ட கையோட தையல் ஊசியை எடுத்துத் தைக்கத் தொடங்கிடுறது. ரெண்டு மூணு நிமிடம் காத்திருக்கணும், அப்புறம் லேசாக் கிள்ளிப் பார்த்துட்டுத் தொடங்கணும். நடுவுல வலிச்சா "வலிக்குது, இன்னும் கொஞ்சம் மருந்து போடுங்க"ன்னு வாய்விட்டுச் சொல்லுங்க. குழந்தையை நெஞ்சுல போட்டுட்டாங்கல்ல, அதுக்கப்புறம் தாங்கிக்கணும்னு ஒண்ணும் இல்லை.

தலை வெளியில தெரியிறப்ப சிஸ்டர் வெதுவெதுப்பான தண்ணியில நனைச்ச சுத்தமான துணியை அந்த இடத்துல வச்சுப் பிடிச்சா பெரிய கிழிசல் குறையும், எரிச்சலும் தணியும். செலவே இல்லாத வேலை, ஆனா கேட்டாத்தான் பல இடத்துல செய்வாங்க. தலை வர்றப்ப "முக்காத, ஊது"ன்னு சொன்னா, மெழுகுவர்த்தி அணைக்கிற மாதிரி சின்னச் சின்னதா ஊதுங்க. அந்த ஒரு நிமிடம் அவசரப்பட்டாத்தான் தையல் கூடும்.